ஆறாம் வேற்றுமையும் ஓர் அங்காடியும்

திறனாய்வுக்குரியது எது என்று கேட்டால், கவிதை, சிறுகதை, புதினம், நாடகம் என்று விரல்விட்டு எண்ணி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். சொல்லைச் சொல்லாகப் பிரித்துப் பொருள் காணும் பயிற்சி தமிழாசிரியருக்கு உண்டு. அப்பயிற்சியை இலக்கியத்தின் எல்லைக்குள்ளேயே சிறைவைத்து விடுகிறோம். இக்கட்டுரை ஆராயப் புகும் பனுவல் இலக்கியமன்று. அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை, அணிந்துரை இல்லை, வெளியீட்டு விழாவும் நடந்ததில்லை. ஆயினும் கோடிக்கணக்கான மக்கள் அதற்கு ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒப்புதல் அளித்திருக்கின்றனர். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணைய அங்காடி தன் வாடிக்கையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமே அப்பனுவல். அவ்வங்காடியின்மீது வாடிக்கையாளருக்கு எழுந்துள்ள ஐயப்பாடு, விலையிலோ தரத்திலோ அன்று, அவ்வொப்பந்தத்தின் சொற்களிலேயே வேர்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

கணினி விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியர் நம்மிடையே உளர். அஃது ஒருபுறம் இருக்கட்டும். செரண்டா வட்டாரத்துத் தோட்டங்களில் முறியடித்த மரங்களுக்கிடையே காற்பந்து ஆடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இன்று ரவாங்கிலும் பத்தாங் காலியிலும் புக்கிட் பெருந்தோங்கிலும் தாமான் வீடுகளில் அமர்ந்து, தம் ஊதியத்திலிருந்து வெள்ளியை எண்ணிக் கொடுத்து விளையாட்டுகளைப் பெறுகின்றனர். பணம் கொடுத்த அளவிலேயே அவர்கள் பயனீட்டாளர் ஆகிவிட்டனர். அவர்கள் கொடுத்ததற்கு ஈடாக எதனைப் பெற்றனர் என்று கேட்பது நம் கடமைக்குப் புறம்பானதன்று.

ஸ்டீம் அங்காடியை நடத்துவது வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம். 1996-இல் தோன்றியது, வாஷிங்டன் மாநிலத்துப் பெல்வியூ நகரில் உள்ளது. 2003 செப்டம்பரில் ஸ்டீமைத் தொடங்கியது. இன்று மேசைக் கணினியில் விளையாடுவோருக்கு இதுவே தலையாய கடைவீதி. 2025-இல் ஒரே நேரத்தில் அதனுள் புகுந்திருந்தோர் தொகை நான்கு கோடியைக் கடந்தது. விளையாட்டைப் படைத்தவரிடமிருந்து விற்பனைத் தொகையில் பொதுவாக 30 விழுக்காட்டை அங்காடி எடுத்துக்கொள்கிறது. பெருந்தொகைக்கு விற்பவருக்கு மட்டும் 2018 முதல் அவ்வீதம் குறைகிறது. மலேசியரிடம் விலையை வெள்ளியிலேயே சொல்கிறது. ஆனால் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆதலின் நம்மவர் ஒப்புதல் தந்த ஒப்பந்தம், நம்மவர் பலர் வீட்டில் பேசாத மொழியில் உள்ள ஒப்பந்தம்.

இந்த நிறுவனத்தின்மீது ஐயம் புதிதாக முளைத்ததன்று. 2004 நவம்பரில் வால்வ் தன் பெயர்பெற்ற ‘ஹாஃப்-லைஃப் 2’ என்னும் விளையாட்டை வெளியிட்டபோது, கடையில் வட்டத்தட்டை விலைகொடுத்துப் பெற்றவரும் இணையவழி ஸ்டீமில் பதிவு செய்தாலன்றி விளையாட இயலாது என்னும் நிலை ஏற்பட்டது. பொருள் கையில் இருக்கிறது. அதனைப் பயன்படுத்தும் இசைவு வேறோரிடத்தில் இருக்கிறது. அன்று எழுந்த முணுமுணுப்பு பெரிது. பின்னர்ப் பெருந்தள்ளுபடி விற்பனைகள் வந்தன, எந்தக் கணினியில் அமர்ந்தாலும் தன் விளையாட்டுகள் வந்து சேரும் வசதி வந்தது, முணுமுணுப்பு அடங்கியது. அடங்கியதே தவிர, அதற்கு விடை கூறப்படவில்லை. வசதி ஐயத்தைத் தூங்க வைக்கும், தீர்த்து வைக்காது.

இனி பனுவலுக்கு வருவோம். கடையின் முகப்பில் விளையாட்டின் பெயருக்கு முன்னே, ‘வாங்குக’ என்று நாம் பெயர்க்கத்தக்க ஆங்கில ஏவற்சொல் நிற்கிறது. ஒப்பந்தத்தினுள் நுழைந்தால் அச்சொல்லின் தன்மை மாறிவிடுகிறது. அங்கே வாங்குபவர் என்றொருவர் இல்லை, ‘சந்தாதாரர்’ இருக்கிறார். வாங்கப்பட்ட விளையாட்டு என்றொன்று இல்லை, ‘சந்தா’ இருக்கிறது. உள்ளடக்கம் உரிமமாக வழங்கப்படுகிறதேயன்றி விற்கப்படவில்லை என்று ஒப்பந்தம் ஒளிவுமறைவின்றியே கூறுகிறது. முகப்பில் ஒரு மொழி, உள்ளறையில் ஒரு மொழி என்பதுதான் இப்பனுவலின் முதன்மையான நடைக்கூறு.

சந்தா என்னும் சொல்லை நாம் அறியாதவர் அல்லர். தமிழ் இதழ்களுக்குச் சந்தா செலுத்தி வளர்ந்த சமூகம் நம்முடையது. ஆண்டுச் சந்தா முடிந்தால் அடுத்த இதழ் வராது, அவ்வளவே. வந்துசேர்ந்த இதழ்களை இதழாசிரியர் திரும்பக் கேட்பதில்லை. இதழ் நின்றுபோனாலும், அலுவலகம் பூட்டப்பட்டாலும், பரணில் கட்டிவைத்த தொகுதி நம்முடையதாகவே இருக்கும். செல்லரித்தால் மட்டுமே அது நம்மை விட்டு நீங்கும். ஸ்டீமின் சந்தாவோ, முழு விலையையும் ஒரே முறையில் பெற்றுக்கொண்டு, பொருளை மட்டும் தன் வசமே வைத்திருக்கும் சந்தா. விதிமீறல் நிகழ்ந்ததென்று நிறுவனம் கருதினால் கணக்கை முடிக்கவும் ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது.

இவ்விடத்தில் நம் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளில் வரும் என்றும், அக்கிழமை தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும் என்றும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். முருகனது கை என்பது தற்கிழமை. கை அவனைவிட்டுப் பிரிவதன்று. முருகனது வேல் என்பது பிறிதின்கிழமை. வேல் அவனின் வேறாயது, பிரிக்கத் தக்கது. அவன் அதனைப் பிறர்க்குக் கொடுக்கலாம், விற்கலாம், மகனுக்கு விட்டுச் செல்லலாம். உடைமை என்று உலகம் வழங்குவது பெரிதும் இவ்விரண்டாம் வகையையே. பிரித்துக் கொடுக்கும் ஆற்றல் இருப்பதனாலேயே அது உடைமையாகிறது.

‘எனது விளையாட்டு’ என்று ஸ்டீம் வாடிக்கையாளர் சொல்லும்போது அஃது எக்கிழமை? அவர் அதனைப் பழைய பொருளாக விற்க இயலாது. கணக்கையும் பிறர் பெயருக்கு மாற்ற இயலாது. அவரைப் பொறுத்தவரை கையைப் போல அஃது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறுவனத்தைப் பொறுத்தவரையோ வேலைப்போல அது பிரிக்கத் தக்கது. கொடுப்பதற்குத் தற்கிழமை, பறிப்பதற்குப் பிறிதின்கிழமை! தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுக்காத இம்மூன்றாம் கிழமையை ஒரு வணிக ஒப்பந்தம் வகுத்திருக்கிறது. உரிமை, உரிமம் என்னும் இரு சொற்களும் ஒரு வேரில் பிறந்தவை. ஆயினும் உரிமை உடையவனிடம் இருப்பது, உரிமம் கொடுத்தவனிடம் இருப்பது. வாகனமோட்டும் உரிமத்தைப் பையில் வைத்திருக்கும் எவரும் இவ்வேற்றுமையை அறிவர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு 2024-ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு மே மாதத்தில், ஸ்டீம் கணக்கை உயில்வழி மற்றொருவருக்கு விட்டுச் செல்ல இயலாது என்று நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஒரு வாடிக்கையாளருக்கு விடையளித்த செய்தி உலகெங்கும் பரவியது. இருபது ஆண்டுகளாகச் சேர்த்தவர் உண்டு. சேர்த்ததன் விலையைக் கூட்டினால் ஒரு சிறு காரின் முன்பணம் தேறும் என்போரும் உண்டு. தந்தை போனால் அந்நூலகமும் உடன் போகும் என்பதை அவர்கள் அன்றுதான் உணர்ந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னிய மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மின்வடிவப் பொருளை உரிமமாக மட்டும் தருவோர், அதனைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்னும் சொல்லை ஆளக்கூடாது என்பது அதன் சாரம். 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 2024 அக்டோபரில், பணம் செலுத்தும் பக்கத்தில் இஃது உரிமமே என்னும் குறிப்பை ஸ்டீம் சேர்த்துவிட்டது. ஒரு சொல்லின் பொருளைக் காக்க ஒரு சட்டமன்றம் சட்டம் இயற்ற நேர்ந்ததைச் சொல்லாசிரியர்களாகிய நாம் கவனியாது விடலாகாது.

ஆயினும் இச்சட்டத்தை நான் பெரிதும் கொண்டாட மாட்டேன். அது வாடிக்கையாளருக்கு எதனையும் கொடுக்கவில்லை. கொடுக்கப்படாததை அறிவிக்க மட்டுமே செய்தது. இதனினும் ஆழமாகச் சென்றது ஆஸ்திரேலிய வழக்கு. அந்நாட்டுப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2014 ஆகஸ்டில் வால்வ்மீது வழக்குத் தொடுத்தது. பழுதான விளையாட்டுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று வாடிக்கையாளரிடம் கூறியது அந்நாட்டுச் சட்டத்திற்கு முரணானது என்பது குற்றச்சாட்டு. வால்வ் முன்வைத்த மறுப்புகள் படித்துச் சுவைக்கத் தக்கவை. தான் ஆஸ்திரேலியாவில் வணிகமே செய்யவில்லை என்றது. ஒப்பந்தத்தை ஆள்வது வாஷிங்டன் மாநிலச் சட்டமே என்றது. தான் வழங்குவது பொருளன்று, சேவை என்றது. ஏறத்தாழ 22 இலட்சம் ஆஸ்திரேலியக் கணக்குகளை வைத்துக்கொண்டு இவ்வாறு கூறியது.

கூட்டரசு நீதிமன்றம் 2016 மார்ச்சில் அம்மறுப்புகளை ஏற்க மறுத்தது. அந்நாட்டுச் சட்டத்தில் ‘பொருள்’ என்னும் சொல்லின் வரையறைக்குள் கணினி மென்பொருள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருந்தது. அவ்வொரு சொல் வழக்கின் போக்கையே வகுத்தது எனலாம். அவ்வாண்டு டிசம்பரில் 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2017-இல் மேல்முறையீடு தோற்றது. 2018-இல் உயர் நீதிமன்றமும் அதற்குமேல் முறையிட இசைவு தர மறுத்தது. இதற்கிடையில் 2015 சூனில், வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்னும் ஏற்பாட்டை ஸ்டீம் உலகெங்கும் அறிவித்தது. இந்த ஏற்பாட்டைத்தான் அந்நிறுவனத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாக இன்று பலர் காட்டுகின்றனர். வழக்குத் தொடுக்கப்பட்டுப் பத்து மாதம் கழிந்த பின்னரே அது வந்தது என்னும் காலவரிசையை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நம் நாட்டின் நிலை என்ன? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உண்டு. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் வழக்கறிஞரின்றி, ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத் தொடுக்கலாம். நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் குறித்த பகுதியொன்றும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. பத்திரம் நம்மிடம் இருக்கிறது. எடுத்து விரித்துப் பார்ப்பார்தாம் குறைவு. ஸ்டீமின் ஒப்பந்தமோ பெரும்பாலான வாடிக்கையாளருக்கு வழக்காடும் இடமாக வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுன்ட்டி நீதிமன்றங்களைச் சுட்டுகிறது. நாற்பது வெள்ளி விளையாட்டுக்காகச் செரண்டாவிலிருந்து அங்கே போய் வாதாடுவார் யார்?

2017 செப்டம்பரில் நிகழ்ந்ததையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். சமயங்களின் போற்றுதலுக்குரியோர் ஒருவரோடொருவர் பொருதுவதாக அமைந்த ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்னும் விளையாட்டை மலேசியருக்குக் கிட்டாமல் செய்யவேண்டும் என அரசு 24 மணி நேரக் கெடு விதித்தது. கெடு கடந்ததும், அவ்வொரு விளையாட்டு மட்டுமன்றி ஸ்டீம் அங்காடியே மலேசியாவில் தடுக்கப்பட்டது. மறுநாள் அவ்விளையாட்டு இந்நாட்டாருக்கு நீக்கப்பட, தடையும் நீங்கியது. அத்தடை சரியா தவறா என்பது தனி ஆய்வு. கவனிக்கத் தக்கது வேறு. ஒரு நூலைத் தடைசெய்தால் அந்நூல் மட்டும் கடையிலிருந்து நீங்கும். ஏனைய நூல்கள் நம் அலமாரியில் அசையாது நிற்கும். இங்கோ, கடையும் அலமாரியும் ஒன்றாகிவிட்டன. ஒரு நாளே ஆயினும், தம் அலமாரியின் திறவுகோல் தம்மிடம் இல்லை என்பதை மலேசிய வாடிக்கையாளர் அன்று கண்டனர்.

மறுபக்க வாதத்தில் வலு இல்லை என்று கூறிவிட முடியாது. பிரான்சில் ஒரு பயனீட்டாளர் சங்கம், வாங்கிய விளையாட்டைப் பிறருக்கு விற்கும் உரிமை வேண்டி வழக்காடியது. 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் அதற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. பழைய புத்தகத்தின் தாள் மஞ்சளாகும், அட்டை கிழியும். மின்வடிவப் பொருள் நூறு கை மாறினும் புதிதாகவே இருக்கும், ஆதலின் படைத்தவனின் பிழைப்புக் கெடும் என்னும் வாதத்தை எழுத்தாளர் சங்கத்தார் நாம் எளிதில் தள்ள முடியாது. மறுவிற்பனையைத் தடுக்க இது காரணமாகலாம். ஆனால் மகன் தந்தையின் சேகரிப்பைப் பெறுவதைத் தடுக்கவும், வாழ்நாள் முழுதும் ஒரே நிறுவனத்தின் இசைவை நம்பியிருக்கச் செய்யவும் இது காரணமாகாது. படைத்தவனைக் காக்கும் போர்வைக்குள் வணிகன் புகுந்துகொள்கிறான்.

ஸ்டீமை ஆதரிப்போர் கூறும் மற்றொரு வாதம் உண்டு. அதுவே மிகுதியாகக் கேட்பது. வால்வ் பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனம். அதன் தலைவர் கேப் நியூவெல் விளையாட்டை நேசிப்பவர். பிற பெருநிறுவனங்களைப் போல வாடிக்கையாளரை வாட்டுவதில்லை. அங்காடியை மூடும் நாள் வந்தால் விளையாட்டுகளை அவரவரிடமே ஒப்படைத்துவிடுவார் என்பர். இவ்விறுதிப் பேச்சு நெடுங்காலமாக வாய்வழி உலவுவது. ஒப்பந்தத்தில் அத்தகைய வாக்குறுதி இல்லை. அந்நிறுவனம் ஏனையவற்றைவிட நல்லது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் நல்லவர் என்பது ஓர் ஆளைப் பற்றிய செய்தி. ஒப்பந்தம் அவருக்குப் பின் வருபவரையும் கட்டுப்படுத்த வேண்டியது.

‘நம் துரை நல்லவர்’ என்னும் வாக்கியத்தைச் சிலாங்கூர்த் தோட்டத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள். முன்புறம் முருங்கை வைத்தார்கள், பின்புறம் கோழி வளர்த்தார்கள். ‘எங்கள் வீடு’ என்றே சொன்னார்கள். அங்கும் ஆறாம் வேற்றுமை இருந்தது, பத்திரம் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு என்பதே விதி. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டமும் வீட்டின் தரத்தை வகுத்ததேயன்றி வீட்டை உடைமையாக்கவில்லை. துரை நல்லவராகவே இருந்திருக்கலாம். தோட்டம் கைமாறியபோது துரையின் நற்குணம் விற்பனைப் பத்திரத்தில் இடம்பெறவில்லை. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேலாகப் போராடியது நம் கண்முன் நிகழ்ந்த வரலாறு. வீட்டையும் விளையாட்டையும் நான் சமன் செய்யவில்லை. ஒன்று வாழ்வு, மற்றொன்று பொழுதுபோக்கு. வாக்கிய அமைப்பு ஒன்றாக இருக்கிறது என்பதே நான் கூறுவது.

அவ்வாக்கிய அமைப்பை மாற்ற நம்மவர் ஒருமுறை முயன்றதுண்டு. தோட்டத் துண்டாடல் மக்களை நடுத்தெருவில் நிறுத்திய காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி வீதம் தவணை கட்டி நூறு வெள்ளிப் பங்கைத் தொழிலாளர் பெற்றனர். நல்ல முதலாளியைத் தேடிக்கொடுப்பதாக அவர் கூறவில்லை; பங்குச் சீட்டைக் கையில் கொடுத்தார். விளையாட்டு உலகிலும் இதற்கு ஓரளவு ஒப்புமை உண்டு. 2008-இல் தோன்றிய ‘கோக்’ என்னும் அங்காடி, எவ்விதப் பூட்டுமின்றி விளையாட்டுக் கோப்பினை வாடிக்கையாளரே தம் கணினியில் சேமித்துக்கொள்ள விடுகிறது. சட்டப்படி அங்கும் உரிமமே. எனினும் கோப்பு கையில் இருக்கிறது. ஆனால் புதிய விளையாட்டுகள் பல அங்கே வருவதில்லை. கூட்டமெல்லாம் பெரிய கடையில் இருக்கும்போது படைப்பாளர் சிறிய கடைக்கு வருவது எங்ஙனம்? 2024-இல் பிரித்தானியாவில் 1 கோடியே 40 இலட்சம் பயனீட்டாளர் சார்பில் 65 கோடியே 60 இலட்சம் பவுண்டு இழப்பீடு கேட்டு வால்வ்மீது தொடுக்கப்பட்ட வழக்கும், இந்த ஆதிக்கத்தால் விலை ஏறுகிறது என்னும் குற்றச்சாட்டை அடிப்படையாகக் கொண்டதே.

இறுதியாக ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். என்றேனும் ஸ்டீம் தமிழில் வந்தால், விலைக்கு அருகில் என்ன சொல்லை இடுவது? ‘வாங்குக’ என்பது நெகிழ்ச்சியான சொல். கடன் வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், மூச்சு வாங்குகிறோம். ஆயினும் விலையோடு சேர்ந்தால் அஃது உடைமையையே குறிக்கும், ஒப்பந்தத்தோடு முரண்படும். ‘இரவல்’ என்னலாமா? இரவலுக்குப் பணமில்லை. ‘வாடகை’ என்றால் மாதக் கணக்கு வேண்டும். ‘குத்தகை’ என்றால் கெடு வேண்டும். இங்கே கெடுவை அறிந்தவர் எவருமிலர். ‘ஒத்தி’ என்றால் கொடுத்த பணம் ஒருநாள் திரும்ப வேண்டும். நிலத்தோடும் வீட்டோடும் பழகிய நம் முன்னோர் கொடுக்கல் வாங்கலுக்கு இத்தனை சொற்களை ஆக்கி வைத்திருந்தும், முழு விலையும் கொடுத்து, கெடுவின்றி, திருப்பிக் கேட்க வழியின்றி, பிறர்க்குக் கொடுக்கும் உரிமையுமின்றிப் பெறும் ஒன்றிற்கு அவர்களிடம் சொல் இல்லை. ‘நுழைவிசைவுக்குப் பணம் செலுத்துக’ என்று எழுதினால் ஒப்பந்தத்திற்கு மெய்யாக இருக்கும். அதனைப் படித்தபின் எத்தனை பேர் பணம் செலுத்துவர் என்பதை அங்காடிக்காரர் நம்மைவிட நன்கு அறிவர். உரிமம் என்னும் குறிப்பைச் சேர்த்த பின்னரும் விளையாட்டின் பெயருக்கு முன்னிருந்த அப்பழைய ஏவற்சொல்லை அவர்கள் எடுக்கவில்லை.